சயாம் மரண இரயில் பாதை: ஒரு நாள் சுற்றுலாவில் தெரிவதும் தெரியாததும்

தாய்லாந்து செல்லும் சுற்றுலாப் பயணிகள் பாங்காக்கில் தங்கியிருக்கும் நாட்களில் ஒரு நாளை ஒதுக்கிப் போய்வரும் இடங்களில் காஞ்சனபுரி முக்கியமானது. பாங்காக்கிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். காஞ்சனம் என்றால் பொன், ஆக இது பொன்னூர். பெயர் நம் காதுக்கு அந்நியமாக இல்லை. ஊரும் பெயருக்கேற்ப அழகானது. சுண்ணாம்புக்கல் மலைகள், மூங்கில் காடுகள், இரண்டு ஆறுகள், அவற்றில் மிதக்கும் படகு வீடுகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நாட்காட்டிப் படம் போல இருக்கும்.

விடியற்காலையில் விடுதி வாசலுக்கு வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொள்ளும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். போர்க் கல்லறை, அருங்காட்சியகம், குவாய் நதிப் பாலம், மலையோரமாக ஓடும் பழைய இரயிலில் ஒரு பயணம், ஆற்றங்கரையில் மதிய உணவு, கடைசியாக 'நரக நெருப்புக் கணவாய்'. இரவு ஏழெட்டு மணிக்குத் திரும்பவும் பாங்காக் வந்துவிடலாம். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் திட்டமும் இதுதான், வரிசைதான் கொஞ்சம் முன்பின் மாறும். இரண்டாம் உலகப் போரின் மிகக் கொடுமையான கட்டுமானப் பணி ஒன்றை ஒரே நாளில் பார்த்துவிட்ட நிறைவோடு பயணி திரும்புகிறார். ஆனால் அந்தப் பணியில் செத்தவர்களில் பெரும்பகுதியினரைப் பற்றி அன்று முழுவதும் அவர் கேள்விப்படாமலே போகவும் வாய்ப்புண்டு. அவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள்.

முதலில் இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்று பார்ப்போம். 1942-ன் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர், பர்மா மூன்றும் ஜப்பானின் கைக்கு வந்துவிட்டன. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில்தான் போக வேண்டியிருந்தது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்த பிறகு கடல்வழி நாளுக்கு நாள் ஆபத்தானது. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, மூன்று பகோடா கணவாய் வழியாக 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட முடிவு செய்தார்கள். இதே வழியைப் பிரிட்டிஷ்காரர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே யோசித்துப் பார்த்து, மலையும் காடும் மழையும் நோயும் ஒத்துவராது என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானியப் பொறியாளர்கள் 1942-ன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். பதினாறு மாதங்கூட முழுதாக ஆகவில்லை! இயந்திரங்கள் மிகக் குறைவு. சம்மட்டி, உளி, மண்வெட்டி, கூடை, சில இடங்களில் யானைகள், மற்றபடி மனித உடம்புதான்.

வேலை செய்தவர்கள் இரு வகையினர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் ஆகியோர் 1,80,000 முதல் 2,50,000 வரை என்று பலவாறாகக் கணக்கிடுகிறார்கள். கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. ஒரு சிலீப்பர் கட்டைக்கு ஓர் உயிர் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். அது மிகைதான். ஆனால் உண்மைக் கணக்கு அதைவிட ஆறுதலாக ஒன்றும் இல்லை. ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டு 415 கிலோமீட்டரை வகுத்தால், நான்கு மீட்டருக்கு ஒருவர்.

வேன் முதலில் நிற்கும் இடம் பெரும்பாலும் டோன் ராக் போர்க் கல்லறை. பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளையும் ஹாலந்தையும் சேர்ந்த ஏறக்குறைய 7,000 கைதிகள் இங்கே இருக்கிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி, வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. கல்லின் மேலுள்ள வெண்கலத் தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, குடும்பத்தார் அனுப்பிய ஓரிரு வரிகள். வயதைப் படித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் இருபதுகள். இவ்வளவு நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் கல்லறையை நம் ஊர்ப்பக்கம் பார்ப்பது அரிது. நுழைவாயில் கட்டடத்தில் இன்னொரு பட்டியலும் உண்டு. தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத் தலங்களில் புதைக்கப்பட்ட, பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. படைவீரர் என்றால் பதினொருவராக இருந்தாலும் பெயர் எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கல்லறை எப்படிச் சாத்தியமானது என்பதே ஒரு தனிக் கதை. கைதிகள் தோற்றுப்போனாலும் ஒரு படையாகவே முகாமில் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவரின் பெயர், எண், நாள், புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார்கள். ஜப்பானியக் காவலர் கண்ணில் படாமல் அந்தக் குறிப்புகளைப் புட்டிகளிலும் டின்களிலும் அடைத்து மண்ணுக்குள் ஒளித்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பரில், ஒரு குழு இந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் பயணம் செய்து 144 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அந்த உடல்கள்தான் பிறகு டோன் ராக், சுங்காய், தன்பியூசயாத் ஆகிய மூன்று கல்லறைகளுக்கு மாற்றப்பட்டன. அமெரிக்கர்களின் உடல்களை அவர்கள் நாட்டுக்கே எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம், அவர்கள் ஒரு படையாக வரவில்லை. மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். போர் தொடங்கியதும் இரப்பர் ஏற்றுமதி நின்றது, வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள், லயன்களில் வேலையும் இல்லை அரிசியும் இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை என்ற அறிவிப்பு வந்தது. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடும் தங்குமிடமும் மருத்துவமும் இலவசம். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை என்றதும் ஆள் சேர்வது நின்றுபோனது. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். கிராணிகளும் கங்காணிகளும் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்தது. சாலையில் போனவரை அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு. குடும்பத்தோடு போனவர்களும் இருந்ததால் முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள்.

சரக்குப் பெட்டிகளில் அடைத்து நாள்கணக்கில் பயணம், பிறகு காட்டுக்குள் நடை. முகாமில் கூரை சரியில்லாத மூங்கில் கொட்டகை. மருத்துவர் இல்லை, கழிப்பிடம் தோண்டச் சொல்லித்தர ஆள் இல்லை, தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரி இல்லை. 1943 மே, ஜூன் மாதங்களில் பருவமழையோடு காலரா வந்தபோது கைதிகளின் முகாம்களில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள் என்றால், தொழிலாளர் முகாம்களில் கொட்டகை கொட்டகையாகக் காலியானது. எரித்தவர்கள் பாதி, குழியில் தள்ளியவர்கள் பாதி, எடுத்துப் போட ஆளில்லாமல் கிடந்தவர்களும் உண்டு. நிலைமை கைமீறியபின் ஜப்பானியர் சிங்கப்பூர்ச் சாங்கி முகாமிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் இரண்டு குழுக்களாக இத்தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். முதல் குழுவில் 230 பேர், இரண்டாவதில் 115 பேர். முகாம்களின் உள்நிலை பற்றி இன்று நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி இந்த மருத்துவக் குழுவினர் எழுதி வைத்ததுதான். அதாவது தமிழர் செத்த கதையைக்கூட வேறொருவர் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். ஜப்பானியரின் பதிவுகளின்படியே இறந்தவர்கள் ஏறக்குறைய 30,000. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் மதிப்பீடு 40,000-க்கும் மேல். இவை தவிர 'ஓடிப்போனவர்' என்று எழுதப்பட்டவர்கள் பல ஆயிரம் பேர். அந்தக் காட்டில் ஓடிப்போனவர் எங்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

சுற்றுலாவுக்குத் திரும்புவோம். அடுத்தது அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் சாய் சும்போன் என்ற புத்த விகாரையின் வளாகத்தில் 1977-ல் அதன் தலைமைத் துறவி அமைத்தது 'ஜீத்' போர் அருங்காட்சியகம். கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகையைப் போலவே கட்டி, உள்ளே படங்களையும் கருவிகளையும் வைத்திருந்தார்கள். பெயர்தான் வேடிக்கை. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கோர்த்த பெயர் அது. மரணம் என்ற ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும்படியும் அமைந்துவிட்டது. ஆனால் அதிகம் பேர் செத்த பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் அந்தப் பெயரில் ஓர் எழுத்துக்கூட இல்லை! அந்தத் துறவி கெட்ட எண்ணத்தோடு விட்டிருக்க மாட்டார். யார் திரும்பி வந்து கதை சொன்னார்களோ அவர்கள் நாட்டின் பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். 2003-ல் டோன் ராக் கல்லறைக்கு எதிரே ஆஸ்திரேலியரான ராட் பீட்டி தொடங்கிய தாய்லாந்து-பர்மா இரயில்வே மையம் இதைவிட விரிவானது. நேரம் குறைவாக இருப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் இதைப் பார்ப்பதே நல்லது.

பாலத்தில்தான் கூட்டம் அதிகம். இதற்குக் காரணம் வரலாறு அல்ல, சினிமா. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 1952-ம் ஆண்டு நாவலை வைத்து டேவிட் லீன் 1957-ல் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. படத்தில் வரும் ஆறும் காடும் தாய்லாந்து அல்ல, இலங்கை. கித்துள்கல அருகே களனி ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்துப் படமாக்கினார்கள். இன்னொரு விநோதம், நிஜப் பாலம் அப்போது குவாய் ஆற்றின் மேலேயே இல்லை. அது மே குலோங் ஆற்றின் மேல் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்கவே, 1960-வாக்கில் தாய்லாந்து அரசு ஆற்றின் மேற்பகுதிக்குப் 'பெரிய குவாய்' என்று பெயரை மாற்றிவிட்டது. தாய்மொழியில் இதைக் 'க்வே' என்றுதான் சொல்ல வேண்டும். 'குவாய்' என்று நீட்டினால் எருமை என்று பொருளாகும் என வழிகாட்டிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

படத்தில் பாலம் மூங்கிலும் மரமுமாக இருக்கும். நிஜத்தில் 1943-ல் இரண்டு பாலங்கள் கட்டப்பட்டன. முதலில் மரப்பாலம், சில மாதங்களில் பக்கத்திலேயே எஃகுப் பாலம். எஃகுச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. 1944, 1945 ஆண்டுகளில் நேச நாட்டு விமானங்கள் பலமுறை குண்டு வீசின. அருகிலிருந்த முகாமில் விழுந்த குண்டுகளால் கைதிகளும் செத்தார்கள். இன்று பாலத்தின் மேல் நடப்பவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தால் வளைந்த சட்டங்கள் பழையவை என்றும், நடுவில் கோணலாக, நேர்க்கோட்டில் இருக்கும் இரண்டு சட்டங்கள் போருக்குப் பின் மாற்றப்பட்டவை என்றும் கண்டுகொள்ளலாம். ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் இங்கே ஒளி ஒலிக் காட்சியோடு திருவிழாவே நடக்கிறது. வாணவெடியில் பாலம் 'தகர்க்கப்படும்' காட்சிக்குக் கைதட்டல் பலமாக இருக்கும்.

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய நினைவுச்சின்னம் உள்ளது. பெரும்பாலான வேன்கள் அங்கே நிற்பதில்லை. 1944-ல் ஜப்பானிய இராணுவமே கட்டியது இது. பாதை வேலையில் இறந்தவர்களுக்காக என்று பல மொழிகளில் கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். சாகும்போது தராத மரியாதையைச் செத்த பிறகு, கொன்றவர்களே, அவரவர் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்! இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது படிப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஆனாலும் அந்தப் பாதை நெடுகப் பல ஆண்டுகள் வரை தமிழர்களுக்கெனத் தமிழில் எழுதப்பட்டிருந்த கல் இது ஒன்றுதான் எனலாம்.

அடுத்து இரயில் பயணம். போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதி பிடுங்கப்பட்டுவிட்டது. தாய்லாந்து இரயில்வே நாம் டோக் வரையிலான பகுதியை மட்டும் சீராக்கி 1958-ல் முழுதாகத் திறந்தது. இன்றும் அதில் சாதாரணப் பயணிகள் இரயில் ஓடுகிறது. மரவள்ளி, கரும்புத் தோட்டங்களைக் கடந்து தாம் கிராசே என்ற இடத்துக்கு வந்ததும் வண்டி நடை வேகத்துக்குக் குறையும். ஒரு பக்கம் கைநீட்டினால் தொடக்கூடிய செங்குத்துப் பாறை, மறுபக்கம் கீழே சின்னக் குவாய் ஆறு, நடுவில் பாறையோடு ஒட்டியபடி 300 மீட்டருக்கும் மேல் நீளும் மரத்தூண் பாலம். எல்லோரும் சன்னல் பக்கம் குவிந்து படம் எடுப்பார்கள். எடுக்காமல் இருக்க முடியாத காட்சிதான் அது. ஆற்றில் தெப்பங்கள், எதிர்க்கரையில் பூச்செடிகளோடு விடுதிகள். 1943-ல் இதே இடத்தில் நின்றவர்களுக்கு இந்த ஆறு அரிசிப் படகு வரும் வழி, காலரா வரும் வழியும் அதுவே.

நரக நெருப்புக் கணவாய்க்குப் பயணி கடைசியாக வந்து சேர்கிறார். கொன்யூ என்ற இடத்தில் பாறையைப் பிளந்து உருவாக்கிய வெட்டுவழி இது. 1943 ஏப்ரல் இறுதியில் வேலை தொடங்கியது. பாதையை விரைவில் முடிக்க வேண்டும் என்று மேலிடம் நெருக்கவே, 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று கத்தியபடி காவலர்கள் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்கூட வேலை வாங்கினார்கள். ஒருவர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் துளையிடுவார். அதில் வெடிமருந்து வைத்துப் பிளந்து, கற்களைக் கையால் அள்ளிக் கொட்ட வேண்டும். இரவில் தீவட்டி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான உருவங்கள் அசைவதை மேலிருந்து பார்த்த கைதிகள் வைத்த பெயர்தான் நரக நெருப்பு. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளோடு தமிழ், மலாய்த் தொழிலாளர்களும் இங்கே இறக்கப்பட்டார்கள்.

போருக்குப் பின் காடு மூடிக்கிடந்த இந்த இடத்தை 1980-களில் தேடிக் கண்டுபிடித்தவர், முன்பு இங்கே கைதியாக இருந்த டாம் மோரிஸ் என்ற ஆஸ்திரேலியர். அவர் முயற்சியால் ஆஸ்திரேலிய அரசு பணம் ஒதுக்கி, 1998-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. படிகளில் இறங்கிப் போனால் மூங்கில் நிழலில் சரளைக்கல் பாதை, இருபுறமும் உயர்ந்து நிற்கும் பாறைச் சுவர், அதில் உளித்துளைகளின் தடம். ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் இங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். திரும்பி வந்த ஒருவர் தன் அரசிடம் கேட்டார், அரசு செய்தது. தமிழ்த் தொழிலாளி திரும்பி வந்தபோது கேட்பதற்கு எந்த அரசு இருந்தது? மலாயாவில் அவர் இந்தியக் கூலி, இந்தியாவுக்கு அவர் கடல்கடந்து போனவர். கூலியாகக் கிடைத்த ஜப்பானிய 'வாழைமர நோட்டு' போர் முடிந்த அன்றே வெறும் காகிதமாகிவிட்டது. 2000-ல் பிரிட்டன், உயிரோடிருந்த தன் தூரக்கிழக்குப் போர்க்கைதிகளுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு வழங்கியது. தோட்டத் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

அவர்கள் கதையைக் காப்பாற்றியது மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் நினைவும், அதிலிருந்து பிறந்த சில நூல்களும்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை இங்கே குறிப்பிட வேண்டும். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கூட்டுப் புதைகுழி தோண்டப்பட்டு நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்ட அவற்றில் யாருக்கும் பெயர் சொல்ல முடியவில்லை.

டோன் ராக் கல்லறைக்கு அருகே, நடந்தே போகும் தூரத்தில் தாவோர்ன் வராராம் என்ற விகாரை இருக்கிறது. வியட்நாமிய மரபைச் சேர்ந்தது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்த நினைவுத் தூண் அங்கேதான் உள்ளது. 2023-ல் தாய்லாந்து, மலேசியத் தமிழர்களின் முயற்சியால் இந்த வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது பழந்தமிழர் வழக்கம். இங்கே அது எண்பது ஆண்டுகள் கழித்து, ஆயுதம் ஏந்தாதவர்களுக்கு நடப்பட்டிருக்கிறது. ஒரு நாள் சுற்றுலாத் திட்டங்களில் இந்த விகாரை பெரும்பாலும் இடம்பெறாது. டோன் ராக்கில் வேன் நிற்கும்போது வழிகாட்டியிடம் இருபது நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.